இனிப்பு பீர் கலவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீருடன் எலுமிச்சை சோடா, இஞ்சி, பழப்பாகு, ஐஸ்கிரீம் போன்றவற்றைச் சேர்த்துத் தயாரிக்கும் இனிப்புக் கலவைகளைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இவை சட்டப்படி மது அருந்தும் வயதை எட்டியவர்களுக்காக மட்டுமே எழுதப்பட்டவை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அந்த வயது 21. வேறு விதமாகக் குறிப்பிடாத இடங்களில் பீர் என்பது சுமார் 5 சதவீத மதுவுள்ள சாதாரண லாகரை, அதாவது பரவலாக விற்கும் வெளிர்நிற பீரைக் குறிக்கும்.

பீரில் இனிப்பைச் சேர்ப்பது பீரைக் கெடுப்பதாகாதா?

ஆகாது. ஆனால் இனிப்பை மட்டும் சேர்த்தால் நிச்சயம் கெடும். பீரின் கசப்பு ஹாப்ஸ் பூவிலிருந்து வருகிறது. அந்தக் கசப்போடு வெறும் சர்க்கரை மோதும்போது, மருந்தை இனிப்புப் பாகில் கரைத்துக் கொடுத்தது போன்ற ஒரு சுவைதான் மிஞ்சும். கசப்புக்கும் இனிப்புக்கும் இடையே புளிப்பு வந்து நின்றால்தான் இரண்டும் இணங்குகின்றன. உலகில் நிலைத்துவிட்ட இனிப்பு பீர் கலவைகளில் பெரும்பாலானவற்றைப் பாருங்கள்: எலுமிச்சை, கிரேப்ஃப்ரூட், ராஸ்பெர்ரி, பிளாக்கரன்ட் (கறுப்பு நிறப் புளிப்புப் பெர்ரி) என ஏதோ ஒரு புளிப்பு அதில் இருக்கும், அல்லது பீரே புளித்த பீராக இருக்கும். ஆகவே எந்தக் கலவையைச் செய்தாலும், இனிப்பு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் செய்முறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியை வைத்தே அமைந்தவை.

ராட்லர் என்பது என்ன, அது எங்கே தோன்றியது?

பீரும் எலுமிச்சை சோடாவும் சம அளவில் கலந்த பானமே ராட்லர். தெற்கு ஜெர்மனியின் பவேரியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் உரிய இந்தப் பானம் சைக்கிள் ஓட்டிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மியூனிக் நகருக்குத் தெற்கே டைசன்ஹோஃபன் என்ற ஊரில் விடுதி நடத்திய ஃபிரான்ஸ் சேவர் கூக்லர் என்பவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1922 ஜூன் மாதத்தில் ஒரு நாள் பதின்மூன்றாயிரம் சைக்கிள் ஓட்டிகள் அவருடைய விடுதிக்கு வந்து குவிந்தார்களாம். பீர் தீர்ந்துபோகும் நிலையில், விற்காமல் கிடந்த எலுமிச்சை சோடாவைப் பீரில் பாதிக்குப் பாதி கலந்து, வீடு திரும்பும் வழியில் யாரும் தள்ளாடி விழாமலிருக்கத் தாம் உருவாக்கிய பானம் என்று சொல்லி அவர் விற்றாராம். கதை அழகானதுதான். ஆனால் 1912-இல் வெளிவந்த ஒரு பவேரியத் தன்வரலாற்றிலேயே இந்தப் பானத்தின் பெயர் வந்துவிடுகிறது. எனவே கூக்லரை இதைப் பரப்பியவர் என்று கொள்ளலாம். கண்டுபிடித்தவர் என்று கொள்வதற்கில்லை.

இதே கலவை வடக்கே ஹாம்பர்க் நகருக்குப் போனால், அங்குள்ள ஆல்ஸ்டர் நதியின் பெயரால் ஆல்ஸ்டர்வாசர் என்று அழைக்கப்படுகிறது. இன்று டப்பாக்களிலும் பாட்டில்களிலும் கிடைக்கும் ராட்லர் அண்மைக் காலத்தது. 1993-இல் ஜெர்மானிய பீர் வரிச் சட்டம் தளர்த்தப்பட்ட பிறகே அங்குள்ள ஆலைகள் இதைக் கலந்தே அடைத்து விற்கத் தொடங்கின. அதற்கு முன் விடுதிக்காரரோ குடிப்பவரோ கலந்தால்தான் உண்டு.

வீட்டில் ராட்லர் செய்வது எப்படி?

500 மி.லி. கொள்ளும் உயரமான கண்ணாடித் தம்ளர் ஒன்று, 250 மி.லி. லாகர், 250 மி.லி. எலுமிச்சை சோடா. இவ்வளவுதான் தேவை, ஆயினும் செய்யும் விதத்தில் நல்ல ராட்லருக்கும் சப்பென்ற ராட்லருக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பீரும் சோடாவும் குறைந்தது நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் குளிர்ந்து மற்றொன்று அறைச் சூட்டில் இருந்தால், கலக்கும் நொடியிலேயே வாயு வெளியேறி நுரையாகப் பொங்கிவிடும். பிறகு தம்ளரில் மிஞ்சுவது இனிப்புத் தண்ணீர்.

தம்ளரைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, துடைக்காமல் அப்படியே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சோடாவை ஊற்றுங்கள். பிறகு தம்ளரைச் சாய்த்துப் பிடித்து, பீர் உள்சுவரை ஒட்டி வழியும்படி மெல்ல ஊற்றுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் தம்ளரை நிமிர்த்தி, மீதியைச் சற்று உயரத்திலிருந்து நடுவில் விடுங்கள். அடியிலிருந்த சோடா மேலே எழும்பிப் பீருடன் தானாகவே கலந்துவிடும். மேலே இரண்டு விரல் அளவுக்கு வெண்ணுரை நிற்கும். கரண்டியை உள்ளே விட்டுக் கலக்காதீர்கள். கலக்கினால் அந்த நுரையும் போகும், அதற்குக் கீழே அடங்கியிருக்கும் வாயுவும் போகும்.

கடையில் விற்கும் எலுமிச்சைப் பானங்களில் பெரும்பாலானவை எனக்கு அதிக இனிப்பாகவும் போதாத புளிப்பாகவும் படுகின்றன. வீட்டிலேயே செய்வது மேல். 30 மி.லி. எலுமிச்சைச் சாறு, 30 மி.லி. சர்க்கரைப் பாகு, 190 மி.லி. இனிப்பில்லாத சோடா ஆகியவற்றைச் சேர்த்தால் ஒரு தம்ளருக்கான அளவு கிடைத்துவிடும். இதில் சர்க்கரை ஏறத்தாழ 18 கிராம். நம் ஊர்ச் சிறிய எலுமிச்சை, ஐரோப்பாவின் பெரிய மஞ்சள் எலுமிச்சையைவிடக் காரமான புளிப்புடையது. ஆகவே முதல் முறை 20 மி.லி. சாற்றில் தொடங்கிச் சுவைத்துப் பார்த்துக் கூட்டுவது நல்லது. பிழியும்போது தோலை நசுக்காதீர்கள், விதையையும் விழ விடாதீர்கள். அந்தக் கசப்பு ஹாப்ஸின் கசப்போடு சேராது.

ராட்லரும் ஷாண்டியும் ஒன்றுதானா?

இன்று பெரும்பாலும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. பிறந்த இடங்கள்தான் வேறு. ஷாண்டி இங்கிலாந்தின் பானம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஷாண்டிகாஃப் என்ற பெயரில் பீரையும் இஞ்சிப் பானமான ஜிஞ்சர் பீரையும் கலந்து குடித்தார்கள். காலப்போக்கில் பெயர் சுருங்கி, இஞ்சியின் இடத்தை எலுமிச்சை சோடா பிடித்துக்கொண்டது. இங்கே ஓர் எச்சரிக்கை: ஆங்கிலேயச் செய்முறைகளில் லெமனேட் என்று இருந்தால் அது வாயு அடைத்த இனிப்புச் சோடா, அமெரிக்கச் செய்முறைகளில் அதே பெயர் வாயுவில்லாத எலுமிச்சைச் சாற்றுப் பானம். அமெரிக்கச் செய்முறையைப் பார்த்துச் செய்யும்போது அளவை அப்படியே எடுத்துக்கொண்டால் கலவை சப்பென்று ஆகாமலிருக்கச் சிறிது சோடாவையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

பிரான்ஸில் இதைப் பனாஷே என்கிறார்கள். அதில் சிறிது மாதுளைப் பாகான கிரெனடின் சேர்ந்தால் அது மொனாக்கோ. ஸ்பெயினில் கிளாரா. டிரினிடாட் தீவில் கேரிப் என்ற பீர் நிறுவனம் இஞ்சி ஷாண்டியோடு, புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லி இதழ்களின் சுவையிலும் ஒரு ஷாண்டியை விற்கிறது. புளிப்பும் நிறமும் ஒருசேரத் தரும் அந்த இதழ்களைப் பீருக்குத் துணையாக்கியது மிக நல்ல தேர்வு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு ஷாண்டி என்றதும் கடை அலமாரியிலுள்ள ஜாலி ஷாண்டி டப்பா நினைவுக்கு வரும். அது மிகக் குறைந்த மதுவோடு ஆலையிலேயே கலந்து அடைக்கப்படும் எலுமிச்சை ஷாண்டி.

பழைய இஞ்சி ஷாண்டியை இப்போதும் செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம்; எலுமிச்சை ஷாண்டியைவிட இதுவே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. இஞ்சியின் காரம் இனிப்பை அடக்கி வைப்பதால், இரண்டாவது தம்ளரிலும் சுவை திகட்டுவதில்லை.

இலங்கையில் இருப்பவர்களுக்கு வேலை எளிது. அங்கே எலிஃபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பீர் என்ற மதுவில்லாத இஞ்சிச் சோடா எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது; அதையும் லாகரையும் பாதிக்குப் பாதி ஊற்றி, அரை எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால் போதும். மற்றவர்கள் இஞ்சிப் பாகு காய்ச்சி வைத்துக்கொள்ளலாம். 100 கிராம் இஞ்சியைத் தோல் சீவித் துருவி, 250 மி.லி. தண்ணீரில் பத்து நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, அசையாமல் சிறிது நேரம் வைத்தால் அடியில் வெள்ளையாக இஞ்சி மாவு படியும். தெளிந்த நீரை மட்டும் மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். மாவு கலந்தால் பானம் கலங்குவதோடு, அந்த நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு வாயுவும் வேகமாக வெளியேறும். இறுத்த நீரில் 200 கிராம் சர்க்கரையைச் சேர்த்துச் சூடாக்கிக் கரைத்து ஆறவிட்டால் பாகு தயார். ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். ஒரு தம்ளருக்கு 30 மி.லி. இஞ்சிப் பாகு, 15 மி.லி. எலுமிச்சைச் சாறு, 150 மி.லி. சோடா, 250 மி.லி. பீர் என்பது என் அளவு.

எந்த பீரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

கசப்பு குறைந்த, லேசான, புதிய லாகர் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் பொருந்தும். பீரின் கசப்பை அளக்க ஐபியு என்ற அலகு இருக்கிறது. பரவலாக விற்கும் லாகர்களில் இது பத்தை ஒட்டியிருக்கும். கசப்பு கூடிய லாகர் வகையான ஜெர்மானியப் பில்ஸ்னரில் 25-க்கு மேல் போகும். ஹாப்ஸ் மிகுந்த ஐபிஏ என்ற பீர் வகையில் 40-லிருந்து 70 வரைகூட எட்டும். முதல் இரண்டும் எலுமிச்சையோடு ஒத்துப்போகும். பில்ஸ்னரில் செய்த ராட்லர் சற்று முறுக்காக, பெரியவர்களுக்கான சுவையோடு இருக்கும். ஐபிஏ-வை எலுமிச்சை சோடாவில் கலப்பதைத் தவிர்த்துவிடுங்கள். கிரேப்ஃப்ரூட் சாறு மட்டும் விதிவிலக்கு, ஏனெனில் அந்தப் பழத்துக்கே கசப்பு உண்டு. ஆஸ்திரியாவின் ஷ்டீகல் ஆலை விற்கும் கிரேப்ஃப்ரூட் ராட்லர் 2 சதவீத மதுவுள்ளது. கிரேப்ஃப்ரூட்டின் கசப்பும் புளிப்பும் பீரோடு எப்படிப் பொருந்துகின்றன என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இந்தியாவில் 'ஸ்ட்ராங்' என்று அச்சிட்டு விற்கப்படும், 7 முதல் 8 சதவீதம் வரை மதுவுள்ள பீர்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று வலியுறுத்துவேன். அவற்றின் மது நெடி இனிப்போடு சேர்ந்தால் மட்டமான சுவை தருகிறது. அதைவிட முக்கியமானது, பாதிக்குப் பாதி கலந்த பிறகும் அதில் கிட்டத்தட்ட 4 சதவீதம் மது இருக்கும். அதை இனிப்பு மறைத்துவிடும்.

சர்க்கரையை நேரடியாகப் பீரில் போட்டால் என்ன?

நுரை பொங்கித் தம்ளர் வழியும். பீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, சர்க்கரைத் துகள்களின் சொரசொரப்பான பரப்பைப் பற்றிக்கொண்டு குமிழியாக மாறி ஒரே பாய்ச்சலில் வெளியேறும். சர்க்கரையோ குளிர்ந்த பீரில் முழுவதும் கரையாமல் அடியில் தங்கும். பாகாகச் சேர்ப்பதே முறை. 200 கிராம் சர்க்கரையை 200 மி.லி. தண்ணீரில் இட்டு, கரையும் வரை மட்டும் சூடாக்கி இறக்கினால் சுமார் 325 மி.லி. பாகு கிடைக்கும். கம்பிப் பதம் வரை காய்ச்ச வேண்டாம். தேனையும் இதே போல் வெந்நீரில் இளக்கித்தான் சேர்க்க வேண்டும்; குளிர்ந்த பீரில் நேராக விட்ட தேன் கட்டியாகி அடியில் ஒட்டிக்கொள்ளும். பனைவெல்லப் பாகு கறுப்பு பீருக்கு நன்றாகப் பொருந்தும், வெளிர் லாகரை அமுக்கிவிடும்.

படங்களில் சிவப்பாகவும் பச்சையாகவும் தெரியும் பீர் எது?

அது பெர்லினர் வைஸ். பெர்லின் நகரின் புளித்த கோதுமை பீர். மது 3 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களின் இனத்தைச் சேர்ந்தவை இதையும் புளிக்கவைப்பதால், லாக்டிக் அமிலத்தின் கூர்மையான புளிப்பு இதற்கு இயல்பிலேயே உண்டு. அந்தப் புளிப்பைத் தணிக்க சிறிது பழப்பாகு விட்டுக் கொடுப்பது பெர்லின் வழக்கம். சிவப்பு ராஸ்பெர்ரிப் பாகு; பச்சை, உட்ரஃப் என்ற காட்டு மூலிகையின் மணமுள்ள பாகு. அகன்ற கிண்ணம் போன்ற கண்ணாடிக் கோப்பையில், பலரும் உறிஞ்சுகுழலோடு அருந்துகிறார்கள். உட்ரஃபில் உள்ள கூமரின் அளவு மிஞ்சினால் கல்லீரலைப் பாதிக்கும் என்பதால், கடையில் விற்கும் பச்சைப் பாகு பெரும்பாலும் செயற்கை மணமும் நிறமும் சேர்த்ததே.

செய்முறை எளிது. கோப்பையின் அடியில் 25 மி.லி. பாகை விட்டு, 330 மி.லி. குளிர்ந்த பெர்லினர் வைஸை ஒரே சீராக ஊற்றினால் போதும். உள்ளே ஏற்கெனவே புளிப்பு இருப்பதால் எலுமிச்சை வேண்டாம்.

இந்த பீர் தமிழ்நாட்டில் எளிதில் கிடைக்காது. அதன் சாயலில் ஒன்றைச் செய்ய விரும்பினால், 330 மி.லி. கோதுமை பீருக்கு 10 மி.லி. எலுமிச்சைச் சாறும் 25 மி.லி. நாவல் பழப் பாகும் சேர்த்துப் பாருங்கள். கனிந்த நாவல் பழத்தைக் கொட்டை நீக்கி, சம எடை சர்க்கரையோடு பிசைந்து ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்து வடிகட்டினால் அடர்ந்த ஊதா நிறப் பாகு வரும். அதை அடுப்பில் ஏற்ற வேண்டியதில்லை, ஆனால் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நாவலின் துவர்ப்பு பீரின் இனிப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. இதை பெர்லினர் வைஸ் என்று அழைக்க முடியாது; தன்னளவில் நல்ல பானம்.

பீரில் வாழைப்பழமா?

ஆம், ஜெர்மனியில் இது பரவலானது. பவேரியக் கோதுமை பீரைக் காய்ச்சப் பயன்படும் ஈஸ்ட், நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிட்டேட் என்ற பொருளை உண்டாக்குகிறது. வாழைப்பழத்தின் மணத்துக்குக் காரணமும் அதே பொருள்தான். அதாவது பழத்தின் மணம் பீருக்குள் முன்னரே இருக்கிறது. மேலும் கொஞ்சம் பழச்சாறு சேர்த்து அதை வெளிப்படையாக்குகிறார்கள். அதே பீரில் இலேசாகக் கிராம்பு மணமும் இருக்கும். 500 மி.லி. தம்ளரில் 60 மி.லி. வடிகட்டிய வாழைப்பழச் சாற்றை விட்டு, சாய்த்துப் பிடித்துக் கோதுமை பீரை ஊற்றுங்கள். பழத்தை அரைத்து அப்படியே ஊற்றினால் நார்த்துகள்களால் நுரை கட்டுக்கடங்காமல் போகும். மெல்லிய துணியில் வடிப்பதைத் தவிர்க்காதீர்கள். சில துளி எலுமிச்சைச் சாறு, பழம் கறுப்பதைத் தடுப்பதோடு தேவையான புளிப்பையும் தரும்.

கோதுமை பீரில் கோலா கலப்பதும் உண்டு. லாகரில் கலந்தால் ஜெர்மனியின் பல பகுதிகளில் டீசல் என்று கேட்டு வாங்குகிறார்கள். கோலாவின் பாஸ்பாரிக் அமிலம் புளிப்பைத் தருவதால் கலவை நிற்கிறது, ஆயினும் மால்ட்டின் (பீருக்கு அடிப்படையான முளைகட்டிய தானியத்தின்) சுவை முழுவதும் மறைந்துவிடுவதால் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

கறுப்பு பீரைக் கொண்டு என்ன செய்யலாம்?

ஸ்டவுட் வகைக் கறுப்பு பீருக்குக் கறுப்பு நிறமும் காப்பி, சாக்லேட் சாயலும் வறுத்த தானியத்திலிருந்து வருகின்றன. அந்த வறுத்த கசப்போடு எலுமிச்சை சோடா ஒட்டாது. பிளாக்கரன்ட் பாகு நன்றாக ஒட்டும். பிரிட்டனில் கின்னஸ் என்ற ஸ்டவுட்டில் 15 முதல் 20 மி.லி. வரை பிளாக்கரன்ட் பாகு விட்டுக் குடிக்கும் வழக்கம் பழையது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கிடைக்கும் ரைபீனா அடர்பாகு இதற்குப் போதுமானது.

இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீத மதுவுள்ள, கனத்த, கரும்பாகு போன்ற சுவையுடைய பீர். அதைத் தனியே அருந்துவது பலருக்குப் பாரமாக இருக்கும். ஒரு பங்கு லயன் ஸ்டவுட்டுக்கு இரண்டு பங்கு ஜிஞ்சர் பீர் என்று கலந்து, எலுமிச்சைத் துண்டு ஒன்றைப் பிழிந்துவிட்டால் மது 3 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். இஞ்சியும் வறுத்த மால்ட்டும் சேர்ந்து இஞ்சி மிட்டாயும் கடுங்காப்பியும் கலந்தது போன்ற சுவை தரும். இந்தத் தொகுப்பில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதாக இருந்தால் இதைச் செய்து பாருங்கள்.

ஸ்டவுட்டில் வனிலா ஐஸ்கிரீம் மிதக்கவிடுவதும் சிறப்பு. 150 மி.லி. ஸ்டவுட்டை முதலில் ஊற்றி நுரை அடங்கும் வரை காத்திருங்கள். பிறகு ஒரு கரண்டி ஐஸ்கிரீமைத் தம்ளரின் ஓரமாக வழுக்கி இறக்குங்கள். ஐஸ்கிரீமை முதலில் போட்டு அதன்மேல் பீரை ஊற்றினால், அதிலுள்ள பனித்துகள்களும் காற்றும் வாயுவை விரட்டி மேசையெல்லாம் நுரையாக்கிவிடும்.

ஸ்டவுட்டும் ஷாம்பேனும் பாதிக்குப் பாதி சேர்ந்த பிளாக் வெல்வெட்டையும் பலர் கேட்கிறார்கள். விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பரில் மறைந்தபோது, லண்டனின் புரூக்ஸ் மன்றத்தில் ஷாம்பேனுக்கும் துக்க நிறம் வேண்டும் என்று கருதி இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். அது இனிப்புப் பானமன்று, 4.2 சதவீத ஸ்டவுட்டும் 12 சதவீத ஷாம்பேனும் சேர்ந்தால் மது சுமார் 8 சதவீதம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஸ்நேக்பைட் பாதுகாப்பானதா?

லாகரையும் ஆப்பிள் சைடரையும் சம அளவில் கலப்பது ஸ்நேக்பைட். பிளாக்கரன்ட் பாகு சேர்ந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். கலவையில் விஷம் எதுவும் இல்லை. ஆனால் ராட்லரில் பீரோடு சேர்வது மதுவில்லாத சோடா. இங்கே சேர்வது இன்னொரு மது. 5 சதவீதமும் 5 சதவீதமும் கலந்தால் 5 சதவீதம்தான், சிறிதும் குறையாது. பழச்சாறு போல இறங்கும் என்பதால் வேகமாகக் குடித்துவிட நேரும். அரைத் தம்ளர் அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

இனிப்புக் கலவையில் கலோரி குறைவா?

இல்லை. மது பாதியாகிறது, கலோரி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. சாதாரண லாகர் 100 மி.லி.க்கு சுமார் 43 கலோரி. இனிப்புச் சோடாவும் கிட்டத்தட்ட 40 கலோரி. பீரில் மதுவிலிருந்து வந்த கலோரியின் இடத்தைச் சர்க்கரை எடுத்துக்கொள்கிறது. வீட்டில் செய்த எலுமிச்சைக் கலவையில் பாகைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதே இதிலுள்ள வசதி. மதுவைப் பொறுத்தவரை, 330 மி.லி. லாகரில் சுமார் 13 கிராம் தூய மது இருக்கும். அதே அளவு ராட்லரில் ஆறரை கிராம்.

மது இல்லாமலே செய்ய முடியுமா?

முடியும்; ராட்லரைப் பொறுத்தவரை வேறுபாடு கண்டறிவதுகூடக் கடினம். மது நீக்கிய பீரில் அடர்த்தி குறைந்து, சில சமயம் வேகவைத்த தானியத்தின் வாடை எழும். எலுமிச்சை அதைத் துடைத்துவிடுகிறது. ஆல்கஹால் இல்லாதது என்ற சீட்டோடு பல நாடுகளில் விற்கும் பீரில் 0.5 சதவீதம் வரை மது இருக்கலாம். மதுவை அறவே விலக்குபவர்கள் 0.0 என்று அச்சிட்டதையே வாங்க வேண்டும்.

எனர்ஜி டிரிங்க் கலக்கலாமா?

வேண்டாம். அதிலுள்ள காஃபீன் மயக்க உணர்வை மறைக்கிறதே தவிர, இரத்தத்திலுள்ள மதுவைக் குறைப்பதில்லை. குடித்த அளவு தெரியாமல் மேலும் குடிக்க வைக்கும். காஃபீன் சேர்த்த மதுபானங்களை விற்ற நான்கு நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 நவம்பரில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

கருவுற்றவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள், குடியை விட்டு மீண்டுகொண்டிருப்பவர்கள் ஆகியோர் முற்றிலும் தவிர்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் இரட்டைச் சிக்கல் உண்டு: பாகு இரத்தச் சர்க்கரையை முதலில் ஏற்றும், இன்சுலினோ குறிப்பிட்ட சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு மது சில மணி நேரம் கழித்து அதை ஆபத்தான அளவுக்கு இறக்கக்கூடும். மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அருந்தக் கூடாது. வண்டி ஓட்டுபவர்கள் ராட்லர்தானே என்று எண்ணக் கூடாது. இந்தியச் சட்டத்தில் வரம்பு 100 மி.லி. இரத்தத்துக்கு 30 மில்லிகிராம் மட்டுமே, இரண்டு பெரிய தம்ளரில் அதைத் தாண்டிவிட வாய்ப்பிருக்கிறது.

சூடாகக் குடிக்கும் வகை உண்டா?

உண்டு. குளிர்காலத்தில் போலந்து நாட்டவர் பீரைத் தேன், கிராம்பு, பட்டை, இஞ்சி, ஆரஞ்சுத் துண்டு ஆகியவற்றோடு சூடாக்கி அருந்துகிறார்கள். 500 மி.லி. லாகருக்கு இரண்டு மேசைக்கரண்டி தேன், நான்கு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, இரண்டு வில்லை இஞ்சி போதும். ஆவி எழத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். கொதித்தால் கசப்பு மேலோங்கும், மதுவும் மணமும் பறக்கும். வாயு இங்கே முழுவதும் போய்விடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குடியேற்றங்களில் ஃபிளிப் என்ற பானம் இருந்தது. பீர், ரம், வெல்லப்பாகு மூன்றையும் குவளையில் கலந்து, அடுப்பில் பழுக்கக் காய்ந்த இரும்புக் கம்பியை அதில் அமிழ்த்துவார்கள். பானம் சீறிப் பொங்கி, சர்க்கரை கருகிய மணத்தோடு சூடாகும். வீட்டில் முயல வேண்டாம்.

விருந்துக்கு முன்கூட்டியே ஜாடியில் கலந்து வைக்கலாமா?

பீரையும் சோடாவையும் கலந்து வைத்தால் அரை மணி நேரத்தில் சப்பென்று ஆகிவிடும். வாயுவில்லாத பகுதியை மட்டும் முன்பே தயாரிக்கலாம். எட்டுப் பேருக்கு 240 மி.லி. எலுமிச்சைச் சாறு வேண்டும். நம் ஊர் எலுமிச்சையில் பன்னிரண்டு முதல் பதினாறு பழங்கள் பிழிய வேண்டியிருக்கும். அதோடு 240 மி.லி. சர்க்கரைப் பாகைச் சேர்த்து, மூடி, அன்றைய காலையிலேயே ஃப்ரிட்ஜில் வையுங்கள். முந்தைய நாளே பிழிந்து வைத்தால் சாறு கசந்துவிடும். இரண்டு லிட்டர் பீரும் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான சோடாவும் தனியே குளிரட்டும். ஐஸ் கட்டியை ஜாடியிலோ தம்ளரிலோ போடாமல், பாட்டில்களைச் சுற்றி வாளியில் கொட்டி வைத்தால் பானம் நீர்த்துப்போகாது. விருந்தினர் வந்தமர்ந்த பிறகு, ஒவ்வொரு தம்ளரிலும் 60 மி.லி. எலுமிச்சைக் கலவை, அதன்மேல் 190 மி.லி. சோடா, கடைசியாகச் சாய்த்துப் பிடித்து 250 மி.லி. பீர் என்ற வரிசையில் ஊற்றிக் கொடுங்கள்.